வெண்ணெய்க் கப்பல் மறைந்தது

1999 ஜூன் 30, புதன்கிழமை. ஜெர்மனியின் வடகோடித் துறைகளிலிருந்து டென்மார்க் பக்கம் போய்வந்த வெண்ணெய்க் கப்பல்களுக்கு அதுவே கடைசி நாள். நோய்நொடி எதுவும் இல்லை. சாவுத் தேதியை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே குறித்துக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிறவர்களிடம் தீர்வையில்லாச் சரக்கு எதையும் விற்கக் கூடாது. விமான நிலையக் கடைகள் அந்த அடியைத் தாங்கிக்கொண்டன. பெரிய கப்பல் நிறுவனங்கள் திணறி எழுந்தன. வெண்ணெய்க் கப்பலுக்கு வேறு பிழைப்பு தெரியாது. போய்விட்டது.

பெயரைக் கேட்டு வெண்ணெய் ஏற்றிப்போகும் சரக்குக் கப்பல் என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் எல்லையைத் தாண்டிப் போய், சுமை நிறைந்த பைகளோடு புறப்பட்ட இடத்திலேயே இறக்கிவிடும் உல்லாசப் படகு அது. ஜெர்மானியர்கள் இந்தப் பயணத்தை ‘புட்டர்ஃபார்ட்’ என்றார்கள், வெண்ணெய்ப் பயணம். கடலூரிலும் விழுப்புரத்திலும் புதுச்சேரிப் பேருந்தில் ஏறுகிறவர்களில் ஒரு சாரார் எதற்காகப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஏறத்தாழ அதே காரியத்தை ஜெர்மனியில் பாட்டிமார்கள் செய்தார்கள், கப்பலில், கேக் சாப்பிட்டுக்கொண்டு.

இதற்கு வாகான நிலவியல் ஃபிளென்ஸ்பூர்க் நகரத்துக்கு வாய்த்திருந்தது. நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கும் குறுகிய கடற்கழி ஒன்றின் முனையில் இருக்கிறது அந்த ஊர். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920-இல், ஜெர்மனியா டென்மார்க்கா என்று மக்களிடம் வாக்கெடுத்தார்கள். வடக்குப் பகுதி டென்மார்க் என்றது, ஃபிளென்ஸ்பூர்க் ஜெர்மனி என்றது. எல்லைக் கோடு கழியின் நடுவே போனது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை வீடுகளின் ஜன்னல் தெரியும். படகுத் துறையிலிருந்து எதிர்க்கரையின் கொல்லுண்டுக்குப் போவதை வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லச் சற்றுக் கூச்சப்பட வேண்டும். ஆனால் சுங்கச் சட்டத்துக்குக் கூச்சம் கிடையாது. தண்ணீரின் நடுவே கோடு இருக்கிறது, கப்பல் கோட்டைத் தாண்டியது, ஆகவே கப்பலில் இருப்பவர் பயணி.

1950-களில் இது தொடங்கியபோது உண்மையாகவே வெண்ணெய்தான் விஷயம். டென்மார்க் பால்பண்ணைக் கூட்டுறவுகளின் நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பிரிட்டனின் காலை உணவு மேசைக்கு வெண்ணெய் அனுப்பிப் பிழைத்த நாடு. அங்கே வெண்ணெய் மலிவு. ஜெர்மனியிலோ உள்நாட்டு விவசாயியைக் காப்பாற்ற விலையை உயர்த்தி வைத்திருந்தார்கள். போரையும் போருக்குப் பிந்தைய பஞ்சத்தையும் பார்த்த தலைமுறைக்கு ரொட்டியில் நல்ல வெண்ணெய் தடவுவது வெறும் ருசி சம்பந்தப்பட்டதல்ல. வாழ்க்கை சீராகிவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதை மலிவாக வாங்க ஒரு வழி இருக்கிறது என்றால் விடுவார்களா? ஃபிளென்ஸ்பூர்க்கில் தொடங்கியது கீல், கப்பெல்ன், ஹைலிகன்ஹாஃபன், டிராவெமுண்டே என்று கடலோரம் முழுக்கப் பரவியது.

பயணம் ஒரே வார்ப்பு. காலையில் துறையில் வரிசை. கையில் சக்கரம் வைத்த துணிப்பை, தோளில் இன்னொரு பை. பயணச்சீட்டு ஒரு மார்க், இரண்டு மார்க். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த கூப்பனைக் கத்தரித்துக் கொண்டுவந்தால் சில நாள் அதுவும் இல்லை. கப்பல் கிளம்பியதும் காபியும் கேக்கும் சூப்பும் வரும். சீட்டுக்கட்டைப் பிரிப்பவர்கள் பிரிப்பார்கள். கடை மட்டும் பூட்டியிருக்கும். சுங்க எல்லையைத் தாண்டிய பிறகுதான் கதவு திறக்கும். திறந்ததும், அதுவரை மூட்டுவலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். வெண்ணெய், பாலாடைக்கட்டி, சலாமி, காபித்தூள், சாக்லேட், வாசனைத் திரவியம், சிகரெட், ரம். ஒருவருக்கு 200 சிகரெட், ஒரு லிட்டர் சாராய வகை என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். புகைக்காத பாட்டிகூடத் தன் பங்கு 200 சிகரெட்டை விடமாட்டார், மருமகனுக்கு ஆகும். பதினேழு வயது நிரம்பாத பேரப்பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. ஆகவே அவனைக் கூட்டிப்போவதில் லாபமில்லை.

திரும்பி வந்தால் துறையில் சுங்க அதிகாரி நிற்பார். அவருக்குத் தெரியும், இவர்களுக்கும் தெரியும். கோட்டின் முகவரும் கோட்டால் பிழைக்கிறவரும் தினம் முகம் பார்த்துக்கொள்ளும் ஊர்களில் ஒருவித நாகரிகம் உருவாகிவிடும். அளவுக்கு மேல் ஒரு பாட்டில் சிக்கினால் தீர்வை கட்ட வேண்டும், அவ்வளவுதான். இதைக் கடத்தல் என்று யாரும் சொல்லவில்லை. சட்டம் விட்ட சந்தில் சட்டப்படி நடந்து போனார்கள்.

எதன் மீது என்ன வரி என்று பார்த்தால் இந்தக் கப்பல்களின் கதை இன்னும் சுவை கூடும். ஜெர்மனியில் காபிக்குத் தனி வரி உண்டு, இன்றும் உண்டு. வறுத்த காபி கிலோவுக்கு 2.19 யூரோ. நுரைக்கும் ஒயினுக்கும் தனி வரி உண்டு. அதை 1902-இல் விதித்தது இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசரின் அரசு. காரணம், பேரரசருக்குப் போர்க்கப்பல் படை கட்டப் பணம் வேண்டியிருந்தது. அந்தப் படை 1919-இல் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் தன் கையாலேயே மூழ்கடித்துக்கொண்டு மறைந்தது. வரி இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்ததோடு சரி, இன்றுவரை மிதக்கிறது. கப்பல் கட்டப் போட்ட வரியைச் சாமானியர்கள் கப்பலேறித் தவிர்த்தார்கள் என்பது வரலாறு எப்போதாவது அனுமதிக்கும் நகைச்சுவை.

கப்பல் முதலாளிக்குச் சீட்டு வருமானம் ஒரு பொருட்டே அல்ல. டீசலுக்கும் மாலுமிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் கீழ்த்தளத்துக் கடை பணம் கொடுத்தது. சீட்டின் விலை குறையக் குறையக் கடைக்கு ஆள் கூடியது. இதில் பயணிக்கு எவ்வளவு மிச்சம்? சிகரெட்டும் சாராயமும் வாங்கியவருக்கு உண்மையான மிச்சம். வெண்ணெய்க்காக மட்டும் போனவர் கப்பலில் குடித்த காபி, தின்ற கேக், ஊரிலிருந்து வந்த பேருந்துக் கட்டணம் எல்லாவற்றையும் கழித்தால் கையில் நின்றது சில்லறைதான் என்று நினைக்கிறேன். உள்நாட்டு ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து இந்தத் துறைகளுக்கு வந்தவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் வந்து இரண்டு கட்டி வெண்ணெய் வாங்கிப்போவதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒப்புக்கொள்ளமாட்டான். ஆனால் ‘சும்மா கடலைப் பார்க்கப் போகிறேன்’ என்று சொல்ல அந்தத் தலைமுறைக்கு நா எழாது. வெண்ணெய் வாங்கப் போகிறேன் என்றால் அது குடும்பப் பொறுப்பு.

இதில் பெண்கள் அதிகம். போரில் கணவரை இழந்து, ஓய்வூதியத்தில் தனியாக வாழ்ந்த பெண்கள் அந்த நாட்டில் அந்தத் தலைமுறையில் ஏராளம். கடற்காற்று, சூடான சாப்பாடு, பேச ஆள், மாலையில் வீட்டுக்குத் தூக்கிப்போக ஒரு பை. ஒன்றிரண்டு மார்க்கில் இதைத் தந்த வேறு ஏற்பாடு எதுவும் இல்லை. அதே நாட்டில் முதியவர்களைக் குறிவைத்து இன்னொரு பயணமும் நடந்தது, ‘காஃபிஃபார்ட்’. மலிவுச் சீட்டில் பேருந்தில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, வாதத்தைப் போக்கும் போர்வை என்று அநியாய விலைக்குத் தலையில் கட்டுவார்கள். வெண்ணெய்க் கப்பலையும் அதையும் பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். இறந்தவருக்குச் செய்யும் அநீதி அது. ஒன்றில் முதியவர்களை ஏமாற்றினார்கள். மற்றதில் முதியவர்கள் நிதியமைச்சரை ஏமாற்றினார்கள்.

1973 ஜனவரி 1-ஆம் தேதி டென்மார்க்கும் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. நியாயப்படி வெண்ணெய்க் கப்பல் அன்றே தள்ளாடியிருக்க வேண்டும். இரு கரையும் ஒரே பொதுச் சந்தை, ஒரே வேளாண் கொள்கை. ஆனால் அந்தக் கொள்கையே அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. பொதுச் சந்தைக்குள் வெண்ணெய் விலையை உலக விலையைவிட வெகு உயரத்தில் தாங்கிப் பிடித்தார்கள். விற்காததை அரசே வாங்கிக் குளிர்கிடங்கில் அடுக்கி, ‘வெண்ணெய் மலை’ என்று பத்திரிகைகள் கேலி செய்யும் அளவுக்குக் குவித்தார்கள். கரைக்குள் இருப்பவருக்கு அந்த உயர்ந்த விலை. கோட்டுக்கு வெளியே மிதப்பவருக்கு அந்த விலையும் இல்லை, வரியும் இல்லை. அந்நிய மண்ணையே மிதிக்காமல் கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பல்களும் கிளம்பின.

கரையில் கடை வைத்திருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது நியாயம். ரேவே என்ற பல்பொருள் அங்காடிக் குழுமம் கீல் நகரச் சுங்க அலுவலகத்துக்கு எதிராக வழக்குப் போட, அது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1981 ஜூலை 7-இல் தீர்ப்பு. வெளிநாட்டுத் துறை எதையும் தொடாமல் கடலில் சுற்றிவிட்டு வருகிறவருக்கு வரிவிலக்கு கொடுக்க முடியாது, அப்படிக் கொடுத்த விதி செல்லாது என்றது நீதிமன்றம். இதோடு ஒழிந்தது என்றுதான் கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள். கப்பல்காரர்கள் என்ன செய்தார்கள்? டென்மார்க் துறையைத் தொட்டுவிட்டு வந்தார்கள். பாட்டிமார்கள் இறங்கி, துறையில் கொஞ்சம் நடந்து, மறுபடி ஏறினார்கள். சட்டம் கேட்டது காலடி மண், கொடுத்தாயிற்று.

அந்த வழக்குக்கு வேறொரு பயனும் உண்டு. ஐரோப்பியச் சட்டத்தை ஒரு நாடு மீறினால் பாதிக்கப்பட்டவர் எந்த வழியில் நீதிமன்றத்தை அணுகலாம், அதற்கென்று புதிய வழக்கு முறைகளை நாடுகள் உண்டாக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் அதில் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஐரோப்பியச் சட்ட மாணவர்கள் இன்றும் ‘வெண்ணெய் வாங்கும் பயணங்கள்’ வழக்கைப் படித்தாக வேண்டும். பெரிய பெரிய அரசமைப்பு வழக்குகளுக்கு நடுவே அந்தப் பெயர் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீதிமன்றத்தால் கொல்ல முடியாததை ஒற்றுமை கொன்றது. 1993 ஜனவரி 1-இல் ஐரோப்பா ஒரே சந்தையாகும் என்று முடிவானபோது தீர்வையில்லா விற்பனைக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. உள்ளே எல்லை இல்லை என்றால் எல்லை தாண்டிய சலுகை மட்டும் எதற்கு? 1991-இல் நிதியமைச்சர்கள் கூடி அதை ஒழிக்க முடிவு செய்தார்கள். தொழிலுக்குத் தயாராக அவகாசம் வேண்டும் என்று 1999 ஜூன் வரை நீட்டினார்கள். அந்த ஆண்டுகளில் யாரும் எதற்கும் தயாராகவில்லை. இன்னொரு நீட்டிப்பு கிடைக்கும் என்று நம்பினார்கள். 1998 டிசம்பர் வியன்னா உச்சிமாநாட்டில் ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றுமே நீட்டிப்புக்கு ஆதரவாகப் பேசின. ஆனால் வரி விஷயத்தில் எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தில் வரித்துறையைக் கவனித்த மாரியோ மோன்டி அசையவில்லை. ஒத்துக்கொள்ளாத நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. எந்தக் கரையைத் தொட்டு இத்தனை காலம் பிழைத்ததோ, அந்தக் கரையே கைவிட்டது.

பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. கடை போனதும் சீட்டு தன் உண்மையான விலையைக் கேட்டது, அந்த விலைக்கு ஏற ஆளில்லை. ஜெர்மனியின் கெல்டிங்கிலிருந்து டென்மார்க்கின் ஃபோபோர்க் போன வாகனப் படகு 1999-இலேயே நின்றது. வெண்ணெயை நம்பி ஓடியவற்றோடு, வெண்ணெய்க் காசில் ஒட்டிக்கொண்டு ஓடிய நிஜமான போக்குவரத்தும் சேர்ந்து செத்தது. தீர்மானித்தவர்கள் எவரும் இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. எல்லையைத் திறந்தார்கள், இரு கரைக்கும் இடையே படகு குறைந்தது.

தொழில் கொஞ்ச காலம் கிழக்கே உயிர்தரித்தது. போலந்து அப்போது ஒன்றியத்தில் இல்லை. ஓடர் ஆற்றின் கழிமுகத்து நீர்ப்பரப்பில் அல்ட்வார்ப் என்ற சிறு ஜெர்மன் மீனவக் கிராமம் இருக்கிறது. நேர் எதிரே போலந்தின் நோவே வார்ப்னோ. இடையில் தீர்வையில்லாக் கப்பல்கள் ஓடி, அந்தக் கிராமத்துக்குப் பேருந்து பேருந்தாக ஆட்களைக் கொண்டுவந்தன. 2004 மே 1-இல் போலந்து ஒன்றியத்தில் சேர்ந்தது. அங்கேயும் முடிந்தது. ஜெர்மனியின் பால்டிக் கரைக்கு இனி ஒன்றியத்துக்கு வெளியே கூப்பிடு தூரத்தில் அண்டை நாடே இல்லை.

இப்போது பயணம் திசை மாறிவிட்டது. டென்மார்க்கில் மதிப்புக்கூட்டு வரி ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் 25 சதவீதம், பீருக்கு அதற்கு மேல் தனி வரி. ஆகவே டென்மார்க்காரர்கள் காரில் தெற்கே வந்து எல்லையோரக் கடைகளில் பீர் டப்பாக்களை அட்டை அட்டையாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். டப்பாவுக்கு ஜெர்மானியர் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையை அவர்கள் கட்டுவதில்லை. நாட்டுக்கு வெளியே கொண்டுபோகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் போதும். ஜெர்மனியின் புட்கார்டன் படகுத் துறையில் உள்ள எல்லைக் கடை தண்ணீரில் மிதக்கும் பல மாடிக் கடை. கட்டிப் போட்டிருக்கிறார்கள், எங்கேயும் போகாது. 2011 அக்டோபரில் டென்மார்க் அரசு கொழுப்புக்கே வரி போட்டது, நிறைவுற்ற கொழுப்பு கிலோவுக்கு 16 குரோனர். டென்மார்க் இல்லத்தரசிகள் வெண்ணெய் வாங்க ஜெர்மனிக்கு வந்தார்கள். எல்லை தாண்டிப் போகும் காசைப் பார்த்துப் பொறுக்காமல் 2013 ஜனவரியோடு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். வெண்ணெய்க் கப்பல் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பதினைந்து மாதமும் எதிர்த்திசையில் ஓடிக் கொழுத்திருக்கும்.

இறந்ததைப் பற்றி நல்லதை மட்டும் பேச வேண்டும் என்ற வழக்கத்தை நான் இங்கே கடைப்பிடிக்கப் போவதில்லை. வெண்ணெய்க் கப்பல் ஒரு வரி ஓட்டை. கரையில் ஒழுங்காக வரி கட்டி வியாபாரம் செய்த சின்னக் கடைக்காரருக்கு அது போட்டியே அல்ல, அடி. சிகரெட்டையும் சாராயத்தையும் மலிவாக்கியதில் எத்தனை நுரையீரலும் ஈரலும் கெட்டனவோ. நீதிமன்றம் சொன்னதும் சரி, நிதியமைச்சர்கள் செய்ததும் சரி. ஆனால் அந்த ஓட்டையை அடைத்தவர்கள், அதன் வழியே போய்வந்த முதியவர்களுக்கு வேறு கதவு எதையும் திறந்துவிடவில்லை. ஓட்டையை அடைத்ததால் வந்த வரிப்பணத்தில் வாரம் ஒரு கப்பலை அவர்களுக்காக விட்டிருக்கலாம். அப்படி யோசிக்கும் நிதியமைச்சகம் எந்த நாட்டிலும் இல்லை.

உறவினர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமுக்கும் ஃபின்லாந்துக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல்கள் நடுவழியில் ஆலாந்து தீவுகளைத் தொட்டுப் போவது இதற்காகத்தான். 1995-இல் ஃபின்லாந்து ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஆலாந்து வரி ஒன்றியத்துக்கு வெளியே நிற்க அனுமதி வாங்கிக்கொண்டது. ஜெர்மனியின் வட கடலில் ஹெல்கோலாந்து தீவு இருக்கிறது. 1890-இல் பிரிட்டன் ஜெர்மனிக்குக் கைமாற்றிய செம்பாறைத் தீவு. சுங்க ஒன்றியத்தில் அது இன்றும் சேரவில்லை. குடிவகை மலிவால் ‘சாராயப் பாறை’ என்று அதற்குச் செல்லப்பெயர். ஜெர்மன் கரையின் குக்ஸ்ஹாஃபனிலிருந்து சாதாரணக் கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். போகிற வாய்ப்புள்ளவர்கள் போய்ப் பாருங்கள். ஒருவருக்கு 200 சிகரெட், ஒரு லிட்டர் சாராயம் என்ற பழைய கணக்கு அங்கே அப்படியே இருக்கிறது. கப்பல் கட்டணம் மட்டும் ஒரு மார்க் அல்ல. அதைக் கழித்துப் பார்த்தால் வெண்ணெயை ஊர்க் கடையிலேயே வாங்கிவிடுவது மலிவு.